தாறுமாறுக்கும் ஒரு நேரக் கணக்கு உண்டு

கண்மாய்க் கரை மேலேயே போகிற சாலை. இடப்பக்கம் தண்ணீர், வலப்பக்கம் பத்தடிப் பள்ளத்தில் வயல். மாமா ஓட்டினார், நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். விடிந்தும் விடியாத நேரம். கண்மாய்த் தண்ணீர் வழிந்தோடும் கலுங்குப் பக்கம் சாலை வளைகிற இடத்தில் எதிரே ஒரு பால் வண்டி வந்தது. அதன் முதுகுக்குப் பின்னாலிருந்து சட்டென்று ஒரு வெள்ளைக் கார் எங்கள் பக்கத்துக்கு ஏறியது. எனக்கு மூச்சே நின்றுவிட்டது. மாமா ஹாரன்கூட அடிக்கவில்லை. ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தார், இடது சக்கரம் இரண்டையும் மண்ணில் இறக்கினார், வண்டியை நிறுத்தினார். கார் எங்களுக்கும் பால் வண்டிக்கும் நடுவே புகுந்து போயே போய்விட்டது.

"மாமா, நம்பரையாவது பாத்தீங்களா?"

"மணி அஞ்சரை ஆகுது மாப்ளே. மெட்ராஸ்லேருந்து ராத்திரி பூரா முழிச்சு ஓட்டிட்டு வந்திருப்பான். இந்த நேரத்துல இந்தக் கரையில ஏறுனா நான் மூணாவது கியருக்கு மேல போறதே இல்ல."

அவர் அரசுப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர். அந்தக் காரைக் கண்டு அவர் திடுக்கிடவில்லை என்பதுதான் எனக்கு ஆச்சரியம். அவர் அதை எதிர்பார்த்துத்தான் வந்திருக்கிறார். அந்தக் காரை என்றால் அந்தக் காரையே இல்லை, அந்த நேரத்தில் அந்த வளைவில் அப்படி ஒன்று வரும் என்பதை.

தாறுமாறாக ஓட்டுகிறவன் என்றால் எப்போது என்ன செய்வான் என்று யாராலும் சொல்ல முடியாதவன் என்றுதான் பொதுவாக நினைக்கிறோம். செட்டிநாட்டுச் சாலைகளில் பதினைந்து வருடம் வண்டி ஓட்டிய பிறகு எனக்கு அப்படித் தோன்றவில்லை. இங்கே தாறுமாறுக்கும் நேரம் இருக்கிறது, பருவம் இருக்கிறது, இடம் இருக்கிறது. யார், எந்த மணிக்கு, எந்த வளைவில், என்ன காரணத்துக்காக நம் பக்கம் ஏறுவார் என்பதை ஓரளவு முன்கூட்டியே சொல்லிவிடலாம்.

இது சின்ன விஷயம் இல்லை. 2022-ஆம் ஆண்டில் நாட்டிலேயே அதிக விபத்துகள் பதிவானது தமிழ்நாட்டில்தான்: 64,105. அதே ஆண்டு இந்தியா முழுக்கச் சாலை விபத்துகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். அதில் மூன்றில் இரண்டு பங்கு கிராமப்புறச் சாலைகளில். நெரிசல் நகரத்தில், சாவு நாட்டுப்புறத்தில்.

முதலில் சாலை

ஓட்டுநரைப் பற்றிப் பேசும் முன் அவர் ஓடுகிற தடத்தைப் பார்க்க வேண்டும். திருச்சி – இராமநாதபுரம் சாலையையும் மேலூர் – காரைக்குடிச் சாலையையும் விட்டு உள்ளே இறங்கினால், நம் சாலைகளில் பல பழைய வண்டிப் பாதைகள். மாட்டு வண்டி எங்கே போயிற்றோ அங்கேயே ஜல்லி கொட்டித் தார் ஊற்றியிருக்கிறார்கள். மாட்டு வண்டிக்கு மேடான, மழையிலும் மூழ்காத இடம் கண்மாய்க் கரை. கண்மாய்க் கரையோ நிலத்தின் சரிவுக்கு ஏற்றபடி பிறை போல வளையும். மடை வருகிற இடத்தில் ஒரு நெளிவு, கலுங்கு வருகிற இடத்தில் ஒரு முறிவு. மாடு அந்த வளைவில் நடந்து போகும். 80 கிலோமீட்டர் வேகத்தில் வருகிற கார் அப்படிப் போகாது. போதாக்குறைக்கு இரண்டு பக்கமும் சீமைக் கருவேலம் வளர்ந்து, வளைவின் உட்புறத்தை மூடிவிடும்.

அகலத்தையும் பாருங்கள். ஒற்றைத் தடச் சாலைக்கு விதிமுறை சொல்லும் தார் அகலம் 3.75 மீட்டர். பஸ் ஒன்றின் அகலம் இரண்டரை மீட்டர், கார் ஒன்றே முக்கால். இரண்டும் எதிரெதிரே வந்தால் கணக்கே உதைக்கிறது. ஒருவர் தாரை விட்டு இறங்கித்தான் ஆகவேண்டும். இறங்குகிற இடமும் ஒழுங்காக இல்லை. தார் மேல் தார் போட்டுப் போட்டுச் சாலை உயர்ந்துகொண்டே போக, ஓரத்துச் செம்மண் மழையில் அரித்துக்கொண்டே போகிறது. சில இடங்களில் அரையடிப் பள்ளம். இறங்க பயந்துதான் பாதிப் பேர் நடுரோட்டிலேயே வருகிறார்கள். அதைத் திமிர் என்று நாம் படிக்கிறோம். பல சமயம் அது டயரைப் பற்றிய கவலை.

ஊருக்குள் வேறு சங்கடம். செட்டிநாட்டு ஊர்களின் தெருக்கள் நூல் பிடித்த மாதிரி நேராக இருக்கும், அகலமாகவும் இருக்கும். அதனால் வேகம் தானாக ஏறும். ஆனால் ஒவ்வொரு வீடும் இந்தத் தெருவில் வாசல் வைத்து அடுத்த தெருவில் கொல்லை முடிகிற வீடு. மதில் முக்கு வரைக்கும் வந்து நிற்கும். கானாடுகாத்தானிலோ பள்ளத்தூரிலோ ஒரு குறுக்குத் தெருவைக் கடக்கும்போது, உங்கள் வண்டியின் மூக்கு நடுத்தெருவுக்கு வந்த பிறகுதான் உங்களுக்குக் குறுக்குத் தெரு தெரியும். சுற்றுலா வருகிறவர்கள் அண்ணாந்து மாடத்தைப் பார்த்துக்கொண்டே ஓட்டுவார்கள். அவர்களிடம் கோபித்துக்கொள்ளவும் முடியவில்லை; நாமே ஒரு காலத்தில் அண்ணாந்து பார்த்தவர்கள்தானே.

மணி பார்த்து வருகிற ஆபத்து

விடியற்காலை நாலிலிருந்து ஆறரை வரை வெளியூர்க் கார்களின் நேரம். முன்னோருக்குப் படைப்பு, கல்யாணம், அறுபதாம் கல்யாணச் சாந்தி, கும்பாபிஷேகம் என்று ஊருக்கு வருகிறவர்கள் சென்னையில் ராத்திரிச் சாப்பாட்டை முடித்துக்கொண்டு கிளம்புவார்கள். நானூறு கிலோமீட்டர் ஓடி, நாலு வழிச் சாலையின் வேகம் காலில் ஒட்டிக்கொண்டிருக்கும்போதே நம் கண்மாய்க் கரைக்கு வந்து சேர்வார்கள். வீடு பத்து நிமிடம் என்றதும் உடம்பு தளரும். தூக்கத்தோடு ஓட்டுகிறவரைத் தூரத்திலேயே கண்டுபிடிக்கலாம்: வண்டி மெல்ல ஒரு பக்கம் சாயும், திடீரென்று இழுத்து நேராகும். காரணமே இல்லாமல் பிரேக் விளக்கு எரியும். எதிரே நாம் வந்து வெகுநேரம் கழித்துத்தான் ஹெட்லைட்டை இறக்குவார். இந்த மூன்றில் ஒன்றைக் கண்டாலும் நான் ஓரம் கட்டிவிடுவேன். அவரைத் தாண்டிப் போக நினைப்பதைவிட அவர் போன பிறகு போவது மேல்.

எட்டிலிருந்து ஒன்பதரை வரை டவுன் பஸ், மினி பஸ், பள்ளிக்கூட வேன். தமிழ்நாட்டில் 1997-இல் மினி பஸ் திட்டம் வந்தபோது பெரிய பஸ் போகாத ஊருக்கெல்லாம் வண்டி கிடைத்தது, நல்ல திட்டம்தான். ஆனால் ஒரு தடத்தில் முன்னும் பின்னும் சில நிமிட இடைவெளியில் ஓடுகிற வண்டிகளுக்கு வருமானமே அந்த நிமிடங்களில்தான் இருக்கிறது. முன்னால் போகிற வண்டி நிறுத்தத்து ஆட்களை அள்ளிக்கொண்டு போய்விடும். பின்னால் வருகிறவருக்கு வெறும் நிறுத்தம்தான் மிஞ்சும். பஸ் ஸ்டாண்டில் நடக்கிற 'டைமிங்' சண்டையைப் பார்த்தவர்களுக்கு அந்த ஓட்டத்தின் காரணம் புரியும்.

ஓடுகிற மினி பஸ்ஸைவிட நிற்கிற மினி பஸ்தான் எனக்குப் பயம். அது ஓரம் கட்டாது. ஆள் கைகாட்டிய இடத்திலேயே, தார் மேலேயே நிற்கும். இறங்குகிறவர்கள் வண்டியின் முன்பக்கமாகச் சுற்றிக்கொண்டு சாலையைக் கடப்பார்கள். பஸ் மறைப்பதால் நம்மை அவர்களுக்குத் தெரியாது, அவர்களை நமக்குத் தெரியாது. மாமா ஒரு வழி சொல்லிக்கொடுத்தார்: பஸ்ஸின் ஜன்னலைப் பார்க்காதே, அடியைப் பார். சக்கரங்களுக்கு இடையே, முன்பம்பருக்குக் கீழே கால்கள் தெரியும். சேலைக் கரையோ, ரப்பர் செருப்போ, யூனிஃபார்ம் பாவாடையோ அசைந்தால் யாரோ குறுக்கே வருகிறார்கள் என்று அர்த்தம். இது எத்தனையோ முறை என்னைக் காப்பாற்றியிருக்கிறது.

பகலில் ஆபத்து பெரியவர் ரூபத்தில் வரும். டி.வி.எஸ். எக்ஸ்.எல்.லில் புல்லுக்கட்டோ பால் கேனோ வைத்து, இடது ஓரமாக முப்பதில் போய்க்கொண்டிருப்பார். வயலுக்குப் போகிற பாதை வலப்பக்கம் வந்ததும் கண்ணாடி பார்க்க மாட்டார், கை காட்டவும் மாட்டார். இடது ஓரத்திலிருந்து நேரே வலது பக்கம் அறுத்துக்கொண்டு திரும்புவார். நாற்பது வருடமாக அவர் திரும்புகிற இடம் அது. ஊருக்கே தெரியும், உங்களுக்குத்தான் தெரியாது. அவரைத் தாண்டும் முன் வலப்பக்கத்தில் பாதை பிரிகிறதா என்று ஒரு பார்வை. அவருடைய தலை லேசாக வலப்பக்கம் சாய்ந்தால் பிரேக்கில் கால்.

மாலை ஏழு மணிக்கு மேல் குடித்துவிட்டு ஓட்டுகிறவர்கள். டாஸ்மாக் கடை இரவு பத்துக்கு மூடும். மூடிய பிறகு அரைமணி நேரம் மோசமான நேரம். இதற்குப் பின்னால் ஒரு கதை இருக்கிறது. நெடுஞ்சாலையிலிருந்து 500 மீட்டருக்குள் மதுக்கடை கூடாது என்று 2016 டிசம்பர் 15-இல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. தமிழ்நாட்டிலிருந்து போன வழக்கு அது. இருபதாயிரம் பேருக்குக் குறைவாக உள்ள ஊர்களுக்குப் பிறகு 220 மீட்டர் என்று குறைத்தார்கள். நோக்கத்தில் பழுதில்லை. ஆனால் கடைகள் பல மூடவில்லை; உள்ளே தள்ளிப் போயின. நெடுஞ்சாலையில் தள்ளாடியவர் இப்போது விளக்கில்லாத ஒற்றைத் தடத்தில் தள்ளாடுகிறார். உத்தரவு எழுதியவர்கள் வரைபடத்தில் அந்த ஒற்றைத் தடம் இருந்திருக்காது.

தை, மாசி

பருவத்துக்கும் கணக்கு இருக்கிறது. தை பிறந்தால் மூன்று விஷயம் ஒன்றாகச் சேரும்.

ஒன்று அறுப்பு. நெல், உளுந்து, கொள்ளு எல்லாவற்றுக்கும் தார்ச்சாலைதான் களம். பாதிச் சாலையில் நெல்லைப் பரப்பி, வண்டி ஏறாமலிருக்க ஓரத்தில் கல்லை வரிசையாக அடுக்கி வைப்பார்கள். சாயங்காலம் நெல்லை அள்ளிக்கொண்டு போவார்கள். கல்லை அள்ள மாட்டார்கள். இருட்டில் பைக் அந்தக் கல்லில் ஏறும். எதிரே வருகிறவன் திடீரென்று நம் பக்கம் ஒடித்தால் அவனுக்கு முன்னால் கல்லோ வைக்கோலோ கிடக்கிறது என்று நினைத்துக்கொள்ளுங்கள். வைக்கோல் ஏற்றிய டிராக்டர் டிரெய்லரின் பின்விளக்கு, இருந்தாலும், வைக்கோலுக்குள் புதைந்திருக்கும். இருட்டில் இருட்டை விடச் சற்றுக் கறுப்பாக ஒன்று நகர்ந்தால் அதுதான்.

இரண்டாவது, மஞ்சுவிரட்டும் எல்கைப் பந்தயம் என்கிற மாட்டு வண்டிப் பந்தயமும். பொங்கலையொட்டிச் சிராவயல், மாசி மகத்துக்கு அரளிப்பாறை. அன்றைக்குக் காளையை ஏற்றிய 'குட்டி யானை' மினி லாரிகளும், ஒரு பைக்கில் மூன்று பேராகப் போகிற இளவட்டங்களும் சாலையைக் குத்தகைக்கு எடுத்துவிடுவார்கள். எல்கைப் பந்தயம் சாலையிலேயே நடக்கும். பெரிய மாடு, சின்ன மாடு என்று வண்டிகள் பறக்க, கூடவே கத்திக்கொண்டு ஐம்பது பைக். பந்தயம் முடிந்தும் அந்தப் பைக்குகளுக்குப் பந்தயம் முடிவதில்லை. அன்று வேறு வழியில் போவது பயந்தாங்கொள்ளித்தனம் என்று யாராவது சொன்னால் சொல்லிவிட்டுப் போகட்டும்.

மூன்றாவது பாதயாத்திரை. தைப்பூசத்துக்குப் பழனிக்குப் போகிற நகரத்தார் காவடி குன்றக்குடியிலிருந்து சிங்கம்புணரி, நத்தம், திண்டுக்கல் வழியாக நடக்கிறது. காவடியோடு போகிறவர்களைத் தவிர தனித்தனிக் கூட்டமாக நடப்பவர்கள் ஏராளம், அதிலும் வெயிலுக்கு அஞ்சி இரவில் நடப்பவர்கள் அதிகம். இங்கே தாறுமாறாக வருகிறவனைவிட, அவனுக்கு வழிவிட நாம் எந்தப் பக்கம் ஒதுங்குகிறோம் என்பது முக்கியம். இடது ஓரத்தில் ஆள் நடக்கிறது. ஒதுங்குவதற்கு முன் வேகத்தைக் குறைக்க வேண்டும். ஒதுங்கிக்கொண்டே குறைக்கக் கூடாது.

வெளிச்சத்தின் பாஷை

ஹெட்லைட்டைச் சிமிட்டினால் 'நீங்கள் போங்கள்' என்று சில நாடுகளில் பொருள். நம்மூரில் 'நான் வர்றேன், நீ நில்லு'. வெளிநாட்டில் ஓட்டிப் பழகி விடுமுறைக்கு வருகிறவர்கள் இதில்தான் முதலில் சிக்குவார்கள். ஒற்றைப் பாலத்தில் யார் முதலில் சிமிட்டுகிறாரோ பாலம் அவருக்கு. இது எந்தச் சட்டத்திலும் இல்லை, ஆனால் எல்லாரும் மதிக்கிற ஒரே விதி.

லாரியின் வலது இண்டிகேட்டர் அதைவிடச் சிக்கல். சிலர் 'தாண்டிப் போ' என்பதற்கு வலது விளக்கைப் போடுகிறார்கள். சிலர் 'எதிரே வண்டி வருது, ஏறாதே' என்பதற்கு. சிலர் உண்மையிலேயே வலது பக்கம் திரும்ப. மூன்று அர்த்தத்துக்கு ஒரு விளக்கு. இதில் இரண்டு அர்த்தம் உங்களைக் கொன்றுவிடும். ஆகவே யார் விளக்கையும் நம்பித் தாண்டக் கூடாது, சாலையை நாமே பார்த்தால்தான் தாண்டலாம். எவ்வளவு தூரம் தெரிய வேண்டும்? கணக்குப் போட்டுப் பார்க்கலாம். முன்னால் பஸ் 60-இல் போகிறது, நாம் 80-இல். வித்தியாசம் நொடிக்கு ஐந்தரை மீட்டர். பஸ்ஸின் நீளமும் முன்பின் இடைவெளியும் சேர்த்து 50 மீட்டர் கடக்க 9 நொடி. அதற்குள் நாம் 200 மீட்டர் ஓடியிருப்போம். எதிரே ஒருவர் அதே 80-இல் வந்தால் அவரும் 200. மொத்தம் 400 மீட்டர் சாலை வெறுமையாகத் தெரிய வேண்டும். நம் கண்மாய்க் கரைகளில் எங்கே தெரிகிறது 400 மீட்டர்? இவ்வளவும் செய்து மிச்சம் பிடிப்பது என்ன என்றால், காரைக்குடியிலிருந்து தேவகோட்டைக்கு ஏறக்குறைய 20 கிலோமீட்டர், முழுதும் 80-இலேயே போக முடிந்தால்கூட ஐந்து நிமிடம். அதுவும் ரயில்வே கேட் திறந்திருந்தால்.

எதிர் வண்டியின் ஹைபீம் கண்ணைக் குத்தினால் பதிலுக்கு நாமும் ஏற்றுவது வழக்கம். அப்போது அந்தச் சாலையில் இரண்டு குருடர்கள் ஆகிவிடுகிறோம். பார்வையை இடது ஓரத்து வெள்ளைக் கோட்டுக்கோ, கோடில்லாவிட்டால் தார் முடிந்து மண் தொடங்குகிற விளிம்புக்கோ திருப்பி, வேகத்தைக் குறைத்துவிட வேண்டும். 60-இல் போகிற கார் ஆபத்தைக் கண்டு முழுதாக நிற்க ஏறக்குறைய 45 மீட்டர் வேண்டும்; 80-இல் 70. இறக்கி வைத்த விளக்கு காட்டுகிற தூரமே நாற்பது ஐம்பது மீட்டர்தான். 80-இல் போகிறவர் தன் வெளிச்சத்தைத் தாண்டி ஓடிக்கொண்டிருக்கிறார் என்று அர்த்தம்.

பின்னால் ஒட்டிக்கொண்டு வருகிறவரைப் பற்றி ஒரு வார்த்தை. அவருக்குப் பாடம் கற்பிக்க பிரேக்கைத் தொடாதீர்கள். அவருக்குப் பயந்து வேகமாகவும் போகாதீர்கள். நேரான இடம் வந்ததும் இடது இண்டிகேட்டர் போட்டு, காலைத் தளர்த்தினால் அவர் போய்விடுவார். சில நொடிகள் முகம் சிவக்கும், அவ்வளவுதான்.

இன்னொன்று, சொல்லிக் கொடுக்கிறவர் குறைவு. வழிவிடும் அவசரத்தில் இடது சக்கரம் தாரை விட்டு இறங்கிவிட்டால் கை தானாக ஸ்டியரிங்கை வலப்பக்கம் வெட்டும். அங்கேதான் வண்டி குடை சாய்கிறது, அல்லது குறுக்கே பாய்ந்து எதிர் வண்டியில் விழுகிறது. வெட்டாமல் நேராகப் பிடித்துக்கொண்டு, பிரேக்கை அழுத்தாமல், காலை மட்டும் எடுத்து, மண்ணிலேயே கொஞ்ச தூரம் ஓடவிட்டு வேகம் நன்றாக இறங்கிய பிறகு மெல்ல ஏற்ற வேண்டும். சரளை மண்ணில் பைக்குக்கும் இதேதான். முன் பிரேக் பிடித்தால் ஆள் தரையில்.

சட்டம்

மோட்டார் வாகனச் சட்டத்தின் 184-ஆவது பிரிவு அபாயகரமாக ஓட்டுவதைப் பற்றியது. 2019 திருத்தத்துக்குப் பிறகு, முதல் தடவைக்கு ஆறு மாதம் முதல் ஒரு வருடம் வரை சிறை, அல்லது ஆயிரம் முதல் ஐயாயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். முறை தவறித் தாண்டுவதும், எதிர்த் திசையில் வருவதும், செல்போனைக் கையில் பிடித்து ஓட்டுவதும் இதில் வரும். குடித்து ஓட்டினால் முதல் தடவைக்குப் பத்தாயிரம் ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். பதினெட்டு ஆகாத பையன் ஓட்டி ஏதாவது நடந்தால் வண்டிக்காரரோ பெற்றோரோ மாட்டுவார்கள்: 25,000 ரூபாய், மூன்று வருடம் வரை சிறை. எங்கள் ஊரில் 'பையன் நல்லா ஓட்டுறான்' என்று பெருமைப்படுகிறவர்களுக்கு இந்தக் கடைசி வரியை வாசித்துக் காட்டலாம்.

விபத்தைப் பார்த்தால் 108-ஐக் கூப்பிட்டு நிற்கலாம். உதவி செய்தவரைச் சாட்சி சொல்லக் கட்டாயப்படுத்தக் கூடாது என்று 134-ஏ பிரிவின் கீழ் வந்த விதிகள் சொல்கின்றன. 'போலீஸ் கேஸ் ஆகிடும்' என்று கார்க் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு போகவேண்டிய காலம் சட்டப்படி முடிந்துவிட்டது. 2021 டிசம்பரில் தொடங்கிய 'இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48' திட்டத்தில், தமிழ்நாட்டுக்குள் விபத்தில் சிக்கிய யாருக்கும், வெளிமாநிலத்தவர் ஆனாலும், பட்டியலில் உள்ள மருத்துவமனைகளில் முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம்.

புகார் கொடுப்பதானால் நம்பர், இடம், மணி மூன்றும் வேண்டும். ஓட்டுகிறவர் குறித்துக்கொள்ளக் கூடாது. பக்கத்தில் இருப்பவர் குறிக்க வேண்டும். துரத்திப் போய்ப் பிடித்து நியாயம் கேட்பது என் அனுபவத்தில் ஒரு நாளும் நியாயத்தில் முடிந்ததில்லை.

நானும் ஒரு தடவை எழுதிக் கொடுத்தேன், எங்கள் தடத்து மினி பஸ் ஒன்றைப் பற்றி. கலுங்கு வளைவில் பள்ளிக்கூட வேனைத் தாண்டியதை என் மனைவி போனில் எடுத்திருந்தாள். பத்து நாள் அந்த வண்டி கல்யாண ஊர்வலம் மாதிரி போனது. டிரைவர் என்னைப் பார்த்துச் சிரித்துக்கூட வைத்தார். பிறகு பங்குனித் திருவிழா வந்தது, கூட்டம் வந்தது, பழைய வேகமும் வந்தது. அது எங்கள் முக்கைக் கடப்பது எட்டு பத்துக்கு. நான் இப்போது எட்டே காலுக்கு வண்டியை எடுக்கிறேன்.